குடிக்காதவர்களின் மதுவிலக்கா?

அன்புள்ள ஐயா,

அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். அணுகுண்டு வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றுகூட அதில் கையெழுத்திடவில்லை. குடிக்காதவர்கள் கூடி மதுவிலக்குத் தீர்மானம் போட்ட கதைதானே இது? இதனால் ஒரு குண்டாவது குறைந்ததா?

அன்புடன்,
ரா., தேனி

அன்புள்ள ரா.,

ஒன்றும் குறையவில்லை. அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. 2017 ஜூலையில் ஐ.நா.வில் 122 நாடுகள் இதை ஆதரித்து வாக்களித்தபோது அந்த ஒன்பது நாடுகளும் அந்தப் பக்கமே வரவில்லை. நம் நாடும்தான்.

ஆனால் 'குடிக்காதவர்கள்' என்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. தென்னாப்பிரிக்கா ஆறு குண்டுகள் செய்து, தானே அவற்றைப் பிரித்துப் போட்ட நாடு. அதுவும் இந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. குடித்துவிட்டு நிறுத்தியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கஜகஸ்தான் கதை வேறு. அங்கே செமிபலாட்டின்ஸ்க் என்ற இடத்தில் சோவியத் ஒன்றியம் 1949 முதல் 1989 வரை 456 சோதனைகள் நடத்தியது. கதிர்வீச்சின் ஆபத்தைச் சுற்றுக் கிராமத்து மக்களிடம் மறைத்தே வைத்திருந்தார்கள். மக்கள் போராட்டத்துக்குப் பிறகு 1991 ஆகஸ்ட் 29 அன்று அந்தத் தளம் மூடப்பட்டது. ஒன்றியம் உடைந்தபோது ஏறத்தாழ 1,400 அணுகுண்டுகள் கஜகஸ்தான் மண்ணில் மிஞ்சின. வைத்துக்கொள்ளாமல் 1995க்குள் எல்லாவற்றையும் ரஷ்யாவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தடை ஒப்பந்தத்துக்கு அவர்கள் முறைப்படி ஒப்புதல் அளித்ததும் ஒரு ஆகஸ்ட் 29 அன்றுதான், 2019இல். தற்செயலாக அமைந்த தேதி என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் கிரிபாட்டி என்ற தீவு நாடு. (எழுத்துதான் அப்படி, அந்த ஊர்க்காரர்கள் 'கிரிபஸ்' என்பார்கள்.) பசிபிக் கடலில் உள்ள அதன் தீவுகளில் 1957 முதல் 1962 வரை பிரிட்டனும் அமெரிக்காவும் 33 குண்டுகள் வெடித்தன. எவனோ குடித்துவிட்டு இவர்கள் வாசலில் ரகளை செய்திருக்கிறான். அவர்கள் மதுவிலக்கு கேட்கக் கூடாதா?

இவர்களுக்காகத்தான் ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவு. பாதிக்கப்பட்டவர்களுக்கு மருத்துவமும் உதவியும் தர வேண்டும், கெட்டுப்போன நிலத்தைச் சீர்செய்ய வேண்டும் என்கிறது அது. சரி, யார் செய்ய வேண்டும்? அடி வாங்கிய நாடே. வெடித்த நாட்டுக்கும் பொறுப்பு உண்டு என்று ஏழாவது பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த நாடு ஒப்பந்தத்துக்குள் வந்தால்தான் அது செல்லும். ரஷ்யாவும் பிரிட்டனும் அமெரிக்காவும் வெளியே நிற்கின்றன. ஆக, பில் கிரிபாட்டியின் கைக்கே போகிறது.

2022இல் வியன்னாவில் உறுப்பு நாடுகள் முதன்முறை கூடிய பிறகு, இந்த இரண்டு பிரிவுகளின் வேலையையும் கஜகஸ்தானும் கிரிபாட்டியும் சேர்ந்தே எடுத்துச் செய்கின்றன. பாதிக்கப்பட்டவர்களுக்காக ஒரு சர்வதேச நிதியம் அமைக்கும் பேச்சும் நடக்கிறது. அதில் காசு போடு என்று வெடித்தவர்களைக் கட்டாயப்படுத்த ஒப்பந்தத்தில் வழியே இல்லை. திட்டுவதென்றால் இந்த இடத்தில் திட்டுங்கள், நானும் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன்.