கம்பெனி கைமாறுகிறது: முதலில் ஒப்பந்தமா, சீனியாரிட்டியா?

கேள்வி: அமெரிக்காவில் நடுத்தர விமான நிறுவனம் ஒன்றில் ஃபர்ஸ்ட் ஆபீசராக (துணை பைலட்) இருக்கிறேன். பெரிய நிறுவனம் ஒன்று எங்களை வாங்கப்போவதாக அறிவித்திருக்கிறது. எங்கள் ஒப்பந்தத்தின் தேதி போன வருடமே முடிந்துவிட்டது. "இணைப்பு முடியட்டும், அப்புறம் பேசலாம்" என்கிறது நிர்வாகம். இரண்டு பக்கமும் ஒரே யூனியன்தான். இரு நிறுவன பைலட்டுகளின் சீனியாரிட்டிப் பட்டியலும் எப்படி ஒன்றாகும் என்பது முடிவாகாமல் எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது என்கிறது ஒரு கோஷ்டி. எல்லோரும் சிக் லீவ் போட்டு விமானங்களை நிறுத்தலாம் என்கிறார்கள் சிலர். நான் எந்தப் பக்கம் நிற்பது?

பதில்: தேதி முடிந்ததால் நீங்கள் ஒப்பந்தம் இல்லாமல் அந்தரத்தில் நிற்கவில்லை. உங்களுக்குப் பொருந்துவது 1926-ல் ரயில்வேக்காக வந்து, 1936-ல் விமானத் துறைக்கும் நீட்டிக்கப்பட்ட ரயில்வே தொழிலாளர் சட்டம். அதன்படி ஒப்பந்தம் காலாவதி ஆவதில்லை. திருத்தம் கேட்கும் காலம் தொடங்குகிறது, அவ்வளவுதான். சட்டம் சொல்லும் பேச்சுவார்த்தைப் படிகள் எல்லாம் தீரும்வரை பழைய சம்பளத்திலும் விதிகளிலும் நிர்வாகம் தன்னிச்சையாகக் கைவைக்க முடியாது.

"அப்புறம் பேசலாம்" என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். தன் சம்மதமில்லாமல் பெரிய சம்பள உயர்வு எதற்கும் ஒத்துக்கொள்ளக் கூடாது என்று வாங்குபவர் எழுதி வாங்கியிருப்பார். அது அவர்கள் இருவருக்குள் உள்ள ஏற்பாடு. ஒப்பந்தம் காண நியாயமான எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்ற சட்டக் கடமை அதனால் போய்விடாது. "சரி, வாங்குபவரையும் பேச்சுக்கு அழைத்து வாருங்கள்" என்று உங்கள் யூனியன் கேட்கலாம், கேட்க வேண்டும். இணைப்பு முடிவதற்கு முன் அவர்களுக்குப் பைலட்டுகளின் ஆதரவு தேவை. முடிந்த பிறகு அந்தத் தேவை பாதியாகிவிடும்.

இனி சீனியாரிட்டி. எந்த விமானம், எந்த ஊர், எப்போது கேப்டன், ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் வெளியே என்று எல்லாமே அந்த எண்ணை வைத்துத்தான். ஆகவே அந்தக் கோஷ்டியின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்கள் சொல்லும் வரிசை தலைகீழ் என்பது என் கருத்து.

யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் 2005-ல் இணைந்தன. இரண்டு பக்கத்துப் பைலட்டுகளுக்கும் பொதுவான கூட்டு ஒப்பந்தம் வருவதற்கு முன்பே, 2007-ல், நடுவர் ஒருங்கிணைந்த சீனியாரிட்டிப் பட்டியலைக் கொடுத்துவிட்டார். பழைய யுஎஸ் ஏர்வேஸ் பைலட்டுகள் பலருக்கு அது பேரிடி. அவர்கள்தான் பெரும்பான்மை. 2008-ல் யூனியனையே மாற்றினார்கள். கூட்டு ஒப்பந்தம் வந்தால் பட்டியலும் அமலாகும் என்பதால் ஒப்பந்தமே வரவில்லை. 2013-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு இணையும்வரை, திவால் காலத்தில் வெட்டப்பட்ட சம்பளத்திலேயே அவர்கள் பறந்தார்கள்.

டெல்டா, நார்த்வெஸ்ட் இணைப்பிலும் 2008 தொடக்கத்தில் சீனியாரிட்டிப் பேச்சு முறிந்தது. ஆனால் அங்கே அதைத் தனியே எடுத்து வைத்தார்கள். கோடையில் கூட்டு ஒப்பந்தம் நிறைவேறியது, அக்டோபரில் இணைப்பு, டிசம்பரில் நடுவர் குழுவின் பட்டியல். பட்டியலில் யார் தோற்பார் என்று தெரியாத வரைதான் இரண்டு பக்கமும் ஒரே குரலில் சம்பளம் கேட்கும்.

பட்டியலைத் தள்ளிவைத்தால் உங்களை அதன் அடியில் ஒட்டிவிடுவார்களா? 2001-ல் அமெரிக்கன், டிடபிள்யூஏ விமான நிறுவனத்தை வாங்கியபோது பலருக்கு அதுதான் நடந்தது. அதன் பிறகு 2007-ல் வந்தது மெக்காஸ்கில்–பாண்ட் சட்டம். சீனியாரிட்டிப் பட்டியல்களின் இணைப்பு நியாயமாகவும் சமமாகவும் இருக்க வேண்டும், உடன்பாடு வராவிட்டால் நடுவரிடம் போகலாம் என்கிறது அது. இரண்டு பக்கமும் ஒரே யூனியன் என்றால் யூனியனின் சொந்த இணைப்பு விதிகள் பொருந்தும். எனவே அந்த விதிகளை வாங்கிப் படியுங்கள். எந்தத் தேதியின் நிலவரம் கணக்கில் எடுக்கப்படும் என்பதில் கண் வையுங்கள். உங்கள் ஒப்பந்தத்தில், வழக்கமாக முதல் பிரிவில், வாங்குபவரும் இதே ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படுவதாக எழுதித் தர வேண்டும் என்ற வாசகம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதுதான் உங்கள் கையிலிருக்கும் பெரிய பிடி; எந்தச் சலுகைக்காகவும் அதை விட்டுக்கொடுக்கும் தீர்மானத்துக்கு வாக்களிக்காதீர்கள்.

சிக் லீவ் யோசனையை உடனே கைவிடச் சொல்லுங்கள். பேச்சுவார்த்தையில் மத்தியஸ்தம் செய்யும் அரசு அமைப்பான தேசிய மத்தியஸ்த வாரியம் இரு தரப்பையும் பேச்சிலிருந்து விடுவித்து, அதற்குப் பின் 30 நாள் கழியும்வரை வேலைநிறுத்தம் செல்லாது. ஊர்கூடிக் காய்ச்சலில் படுப்பதும் நீதிமன்றத்தின் கண்ணில் வேலைநிறுத்தமே. 1999-ல் ரெனோ ஏர் நிறுவனத்தை அமெரிக்கன் வாங்கியதை ஒட்டி அமெரிக்கன் பைலட்டுகள் இதைத்தான் செய்தார்கள். நீதிமன்றத் தடையை மீறியதற்காக யூனியன் மீது 4.5 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு விழுந்தது.

யூனியன் உங்களுக்குத் துரோகம் செய்தால் வழக்குப் போடலாம். ஆனால் 1991-ல் உச்ச நீதிமன்றம் யூனியன்களுக்கு நிறைய இடம் கொடுத்துவிட்டது: முடிவு மோசமாக இருந்தால் மட்டும் போதாது, அறிவுக்கே பொருந்தாததாகவோ, பாரபட்சமாகவோ, கெட்ட எண்ணத்தோடோ இருக்க வேண்டும். காலக்கெடுவும் ஆறே மாதம். அதனால் பணியில் சேர்ந்த தேதி, ஆட்குறைப்பில் நிறுத்திவைக்கப்பட்ட காலம், இப்போதைய சீனியாரிட்டி எண் ஆகியவற்றைப் பதிவுகளில் இப்போதே சரிபார்த்து, தவறு இருந்தால் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்.