வகுப்பே பேசவில்லை, ஊருக்குத் திரும்பிவிடட்டுமா?

கேள்வி: ஒன்பது வருடமாகக் கணக்குப் பாடம் நடத்துகிறேன். நான்கு மாதத்துக்கு முன் வெளிநாட்டில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். வகுப்பில் யாரும் சந்தேகம் கேட்பதில்லை. ‘புரிந்ததா?’ என்றால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். தேர்வில் பாதிப் பேர் வெற்றுத்தாளாகத் தருகிறார்கள். ஒரு மாணவி மட்டும் தினமும் வகுப்பு முடிந்ததும் போர்டைத் துடைத்துவிட்டுப் போகிறாள், அவளும் பேசுவதில்லை. சக ஆசிரியர்கள் பார்த்தால் சிரிக்கிறார்கள், அவ்வளவுதான். சனி, ஞாயிறு முழுக்க அறையில் படுத்தபடி வீட்டாரோடு வீடியோ காலில் இருக்கிறேன். தவறான முடிவு எடுத்துவிட்டேனா? திரும்பிவிடட்டுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது ‘ஒன்பது வருடம்’ என்பதுதான். புதிதாக வேலைக்கு வந்தவர் வகுப்பில் தடுமாறினால், பழகிவிடும் என்று தேற்றிக்கொள்வார். நீங்கள் அப்படி இல்லை. கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை திடீரென்று கைக்கு வராமல் போயிருக்கிறது. தனிமை, மொழி, தட்பவெப்பம் எல்லாவற்றையும்விட அதுதான் உங்களை வாட்டுகிறது என்று நினைக்கிறேன். அதனால் ‘ஊரைச் சுற்றிப் பாருங்கள், நாலு பேரோடு பழகுங்கள்’ என்ற வழக்கமான யோசனையை நான் இப்போது சொல்லப்போவதில்லை. முதலில் வகுப்பறையைப் பிடியுங்கள். நாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

‘புரிந்ததா?’ என்ற கேள்வியை இன்றோடு விட்டுவிடுங்கள். பெரியவரிடம் ‘புரியவில்லை’ என்று சொல்வது அவர் சரியாகச் சொல்லித்தரவில்லை என்று குற்றம் சொல்வதுபோல ஆகிவிடும் என்று நினைக்கும் சமூகங்கள் பல. அங்கே தலையாட்டல் என்பது மரியாதை, விடை இல்லை. தலையாட்டலையே தப்பாகப் படிக்கவும் இடம் உண்டு. பல்கேரியாவில் தலையை மேலும் கீழும் அசைத்தால் வழக்கப்படி ‘இல்லை’ என்று பொருள். பதில் சொல்லாமல் தப்பிக்க முடியாத கேள்வியாகக் கேளுங்கள். ‘மூன்றாவது வரியிலிருந்து நான்காவது வரிக்கு எப்படி வந்தோம்? பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு நிமிடம் சொல்லுங்கள்’ என்றால் வகுப்பில் சத்தம் வரும். எல்லோர் முன்னாலும் தவறு செய்யக் கூசும் பிள்ளை, பக்கத்தில் இருப்பவரிடம் தவறு செய்யக் கூசாது.

கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து இதை அளந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் அடுத்த வார்த்தை பேசும்வரை விட்ட இடைவெளி, சராசரியாக ஒரு நொடிதான். அதை மூன்று நொடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். உங்கள் மாணவர்கள் உங்கள் உச்சரிப்பைப் பிடித்து, தங்கள் மொழியில் யோசித்து, மறுபடி உங்களுக்குப் புரியும்படி மாற்ற வேண்டும். மூன்று நொடி போதாது. மனதுக்குள் ஏழுவரை எண்ணுங்கள். நான்கிலேயே பொறுமை போய்விடும், ஏழுவரை எண்ணுங்கள்.

நான் முதன்முதலில் வெளிநாட்டில் இயற்பியல் எடுத்த வருடம் எனக்கும் இதே கதைதான். பொறுக்க முடியாமல் ஒருநாள் வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆளுக்கு ஒரு துண்டுச்சீட்டு கொடுத்து, பெயர் போடாமல் எங்கே தடுக்கிறது என்று எழுதச் சொன்னேன். முக்கால்வாசி வெறும் சீட்டாகத் திரும்பின. ஒன்றில் மட்டும் பென்சிலால், அழித்து அழித்து எழுதிய மூன்று வரி: ‘ஒவ்வொரு கணக்கையும் தொடங்கும்போதே இது ரொம்ப சுலபம் என்கிறீர்கள். சுலபமானதே எனக்குத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வேன்?’ தைரியம் கொடுப்பதாக நினைத்து நான் சொல்லிவந்த வார்த்தை, வகுப்பின் வாயை அடைத்திருக்கிறது. இதில் அந்த நாட்டின் கலாச்சாரம் எதுவும் இல்லை, என் வாய்தான். சீட்டு முறையை நீங்களும் செய்து பாருங்கள். முதல் இரண்டு வாரம் ஒன்றும் வராது. தங்கள் சீட்டைப் பார்த்து நீங்கள் பாடத்தை மாற்றுகிறீர்கள் என்று தெரிந்த பிறகுதான் எழுதுவார்கள்.

அடுத்தது, விடைத்தாள். ஆசிரியருக்கு வரும் கலாச்சார அதிர்ச்சியில் பாதி சிவப்புப் பேனாவில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஜப்பானில் சரியான விடைக்கு வட்டம் போடுவார்கள்; டிக் போட்டால் தப்பு என்று அர்த்தம். ஸ்வீடனிலும் பின்லாந்திலும்கூட டிக் தப்புக்குத்தான். எல்லாம் சரியாகப் போட்ட பிள்ளை பக்கம் முழுக்க டிக்கைப் பார்த்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். தென் கொரியாவில் உயிரோடு இருப்பவரின் பெயரைச் சிவப்பில் எழுதுவதை அபசகுனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. ஜெர்மனியில் 1 தான் உயர்ந்த மதிப்பெண், 6 கடைசி. நீங்கள் கணக்கு ஆசிரியை என்பதால் இன்னொன்று: ஐரோப்பாவின் பல நாடுகளில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி. போர்டில் 1,500 என்று எழுதினால் அங்கே ஒன்றரை என்று படிப்பார்கள். வெற்றுத்தாள் கொடுத்தவர்களில் எத்தனை பேருக்குப் பாடம் புரியவில்லை, எத்தனை பேருக்கு உங்கள் குறியீடு புரியவில்லை என்று பிரித்துப் பார்த்தீர்களா?

இதைக் கண்டுபிடிக்க ஆய்வு எதுவும் தேவையில்லை. அதே வகுப்புக்குப் பாடம் எடுக்கும் உள்ளூர் ஆசிரியர் ஒருவரிடம் போய், ‘உங்கள் வகுப்பில் பின்பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்காரட்டுமா?’ என்று கேளுங்கள். அவர் பாடத்தைக் கவனிக்க வேண்டாம். உள்ளே வந்ததும் என்ன செய்கிறார், யாரை எப்படிக் கூப்பிடுகிறார், தப்பான பதிலுக்கு என்ன சொல்கிறார், தாமதமாக வந்தவனை எப்படி உட்காரவைக்கிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு, சிரிப்பதோடு நின்றுபோன சக ஆசிரியர்கள் விஷயத்துக்கும் இதுதான் வழி. ‘என்னோடு பழகுங்கள்’ என்று யாரும் யாரிடமும் கேட்க முடியாது. ‘இந்த விடைத்தாளை நீங்கள் திருத்தினால் எத்தனை கொடுப்பீர்கள்?’ என்று கேட்கலாம். ஒரு தாளோடு போனால் பேச்சு தானாக வரும். அவர்கள் வீட்டுக்குக் கூப்பிடவில்லை என்பதை மனதில் வைக்காதீர்கள். வருடக்கணக்காகப் பக்கத்து மேசையில் இருப்பவரையே வீட்டுக்கு அழைக்காத இடங்கள் உலகில் நிறைய.

சரி, நான்கு மாதத்துக்கு வருவோம். 1955இல் ஸ்வெரே லிஸ்கார்ட் என்ற நார்வே ஆய்வாளர், அமெரிக்கா போய்வந்த 200 நார்வேக்காரர்களைப் பற்றி எழுதினார். ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தங்கியவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் தங்கியவர்களும் நன்றாகப் பொருந்தியிருந்தார்கள். நடுவில் இருந்தவர்கள்தான் திண்டாடியிருந்தார்கள். வெளிநாடு போகிறவர்களுக்கான வகுப்புகளில் இன்றும் வரைந்து காட்டும் ‘யு’ வடிவக் கோட்டுக்கு மூலம் அதுதான். அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். நியூசிலாந்துக்குப் போன ஜப்பானிய மாணவர்களைப் பின்தொடர்ந்து, 1998இல் வெளியான ஆய்வில், இறங்கிய முதல் நாளிலேயேதான் மனச்சோர்வு அதிகமாக இருந்தது. ‘தேனிலவு’ என்று சொல்லும் தொடக்க கால இனிப்பு எதுவும் தென்படவில்லை. ஆகவே ‘எல்லோருக்கும் முதலில் இனித்தது, எனக்கு மட்டும் இல்லையே’ என்று வருந்த ஒன்றுமில்லை. இந்தப் பள்ளத்தில் நின்றுகொண்டு ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள் என்பதுதான் நான் சொல்வது. கலாச்சார அதிர்ச்சி என்ற சொல்லைப் பரப்பிய மானுடவியலாளர் கலெர்வோ ஓபெர்க், அதன் அறிகுறிகளாகக் குறித்தவற்றில் ஓயாமல் கை கழுவுவதும் ஏமாற்றிவிடுவார்களோ என்ற பயமும் சின்னத் தாமதத்துக்கும் பொங்கும் கோபமும் அடக்கம். இவற்றில் ஏதாவது உங்களிடம் இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். பெரிய பட்டாளம் இதைக் கடந்துதான் போயிருக்கிறது.

முடிவுக்கு ஒரு தேதி வையுங்கள். கல்வியாண்டு முடியும் நாள் என்று வைத்துக்கொள்ளலாம். அதுவரை ‘போவதா, இருப்பதா’ என்ற கேள்வி வீடியோ காலில் வரக் கூடாது என்று வீட்டாரிடமும் சொல்லிவிடுங்கள். அழைப்பை நிறுத்தச் சொல்லவில்லை. சனிக்கிழமை காலையில் வைக்காமல் மாலைக்கு மாற்றுங்கள், போதும். காலையில் பேசத் தொடங்கினால் அன்றைய பொழுது அங்கேயே முடிந்துவிடும். மாலையில் பேச வேண்டும் என்றால், பேசுவதற்கு ஏதாவது இருக்க வேண்டுமே என்றாவது வெளியே போவீர்கள்.

ஆனால் எல்லாவற்றையும் ‘பழகிவிடும்’ என்று விடக் கூடாது. பள்ளி உங்கள் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு தர மறுத்தாலோ, சம்பளத்தை நிறுத்தி வைத்தாலோ அது கலாச்சாரம் ஆகாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்கு அடையாளமாகச் சொல்லும் 11 அறிகுறிகளில் இந்த இரண்டும் இருக்கின்றன. அப்படி இருந்தால் தேதி பார்க்காமல் உங்கள் நாட்டுத் தூதரகத்தை அணுகுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் மனம் சோர்ந்து, தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே பாருங்கள். ஒப்பந்தத்தில் மருத்துவக் காப்பீடு இருந்தால் அதில் மனநல ஆலோசனையும் சேர்ந்திருக்கிறதா என்று இப்போதே பார்த்துவைப்பது நல்லது.

அப்புறம், போர்டைத் துடைக்கும் அந்த மாணவி. அது முறை போட்டுச் செய்கிற வேலையாகவும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. நாளைக்கு அவள் துடைக்கும்போது நீங்களும் ஒரு டஸ்டரை எடுத்துக்கொண்டு மறுபாதியைத் துடையுங்கள். பாடத்தைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம். வருகைப் பதிவேட்டைக் காட்டி, நீங்கள் தப்பாக உச்சரிக்கிற பெயர்கள் எவை, சரியாக எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவளிடம் கேளுங்கள். அவள் பெயரிலிருந்தே தொடங்குங்கள்.