காத்மாண்டுவின் காற்று: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: இமயமலைப் பக்கம் தூய காற்று கிடைக்கும் என்று நம்பி ஜனவரியில் காத்மாண்டு சென்றோம். காலையில் தொண்டை எரிந்தது, மலையே தெரியவில்லை. வாகனங்கள் ஆண்டு முழுவதும்தானே ஓடுகின்றன, குளிர்காலத்தில் மட்டும் ஏன் இந்த நிலை?

பதில்: எவ்வளவு புகை வெளியாகிறது என்பதோடு, அது கலந்து பரவ எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரத்தில், கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது காத்மாண்டு. வடக்கே சிவபுரி, தெற்கே புல்சோக்கி என 2,700 மீட்டரைத் தாண்டும் மலைகள் அதைச் சூழ்ந்து நிற்கின்றன. ஒரு காலத்தில் இது ஏரியாக இருந்தது. சோபார் என்ற இடத்தில், பௌத்தர்கள் வணங்கும் போதிசத்துவரான மஞ்சுஸ்ரீ, மலையை வாளால் பிளந்து நீரை வடித்தார் என்பது அங்குள்ள ஐதீகம். பாக்மதி ஆறு இன்றும் அந்த இடுக்கு வழியாகத்தான் வெளியேறுகிறது. காற்றுக்கு அப்படி ஒரு வாசலை யாரும் வெட்டித் தரவில்லை.

வழக்கமாக உயரே போகப் போக 1,000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் வீதம் வெப்பம் குறையும் என்பதால், தரையருகே சூடேறிய காற்று மேலெழும்போது புகையையும் தன்னோடு கொண்டுபோய்விடும். மேகமில்லாத குளிர்கால இரவுகளில் இந்த வரிசை மாறிவிடுகிறது. தரை விரைவில் குளிர்ந்துபோக, மலைச் சரிவுகளில் குளிர்ந்து கனத்த காற்று தண்ணீரைப் போலவே வழிந்து வந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்குகிறது. அதன்மேல் சற்று வெதுவெதுப்பான காற்று மூடிபோட்டாற்போல் படிகிறது. பாடப்புத்தகங்கள் இதை வெப்பத் தலைகீழ் மாற்றம் என்கின்றன. இத்தகைய விடியற்காலையில் ஒரு சூளையின் புகையைக் கவனித்துப் பாருங்கள்: நேராக எழும் புகை, ஓர் உயரத்தில் கூரையில் முட்டியதுபோல் மடங்கிப் படுக்கைவாட்டில் பரவும்.

ஒரு பேச்சுக்கு, பகலில் 1,000 மீட்டர் உயரம் வரை கலக்கும் புகை இரவில் 200 மீட்டருக்குள் அடைபடுவதாக வைத்துக்கொண்டால், புகை கூடாமலே அதன் அடர்த்தி ஐந்து மடங்காகிவிடும். உண்மையில் புகையும் கூடத்தான் செய்கிறது. குளிர்காய மூட்டும் தீயும் செங்கல் சூளைகளும் அந்த மாதங்களில்தான் சேர்ந்துகொள்கின்றன.

கேள்வி: அங்கே வேலை பார்க்கும் என் மகன் தினமும் காலை ஆறு மணிக்கு ஓடப் போகிறான். சரிதானா?

பதில்: குளிர்காலத்தில் வேண்டாம். வெயிலேறித் தரை சூடாகி அந்த மூடி கலைவதற்கு முற்பகலாகிவிடும். பிற்பகலில் மேற்குப் பக்கக் கணவாய்கள் வழியே காற்று நுழைவதால் அந்த நேரம்தான் மேலானது. மாலையில் காற்று அடங்கியதும், வாகன நெரிசலும் சேர, அடர்த்தி மீண்டும் ஏறும்.

கேள்வி: குளிர் விலகிய பிறகு, மார்ச், ஏப்ரலிலும் காற்று மோசமாக இருப்பதாகச் சொல்கிறார்களே?

பதில்: அப்போது மூடியைவிட மழையின்மைதான் பெரிய காரணம். மாதக்கணக்கில் காய்ந்த காடுகளில் தீ பரவுகிறது. தெற்கிலுள்ள கங்கைச் சமவெளியின் புகைமூட்டமும் மலையேறி வருகிறது. 2021 மார்ச் இறுதியில் காட்டுத்தீப் புகை சூழ்ந்தபோது, நேபாள அரசு நாடு முழுவதும் பள்ளிகளை நான்கு நாள் மூட நேர்ந்தது. நுண்துகள் பி.எம். 2.5 ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் அதே ஆண்டில்தான் வரம்பைத் திருத்தியது. அந்த நாட்களின் அளவு அதற்குப் பல மடங்கு மேலே இருந்தது.

இடையிடையே பெய்யும் கோடை இடிமழை ஓரிரு நாள் நிம்மதி தரும். முழுமையாகக் காற்று கழுவப்படுவது ஜூனில் பருவமழை தொடங்கிய பிறகுதான். வெட்டவெளியில் காயவைக்கும் சுடாத செங்கல் மழையில் கரைந்துவிடும் என்பதால், சூளைகளும் அதற்குள் அணைக்கப்பட்டுவிடுகின்றன.