ஆர்தர் மில்லரின் 'தி க்ரூசிபிள்' நாடகத்தை வகுப்பில் படிக்கும்போது அதிகாரம், நம்பிக்கை பற்றி எப்படிப் பேசுவது?

அமெரிக்காவின் சேலம் ஊரில், சூனியம் செய்ததாகப் பலர்மேல் குற்றம்சாட்டி நடந்த விசாரணைதான் கதை. மூன்றாம் அங்கத்திலிருந்து தொடங்குங்கள். குற்றம்சாட்டிய பெண்களில் ஒருத்தியான மேரி வாரன், முன்பு மயங்கி விழுந்ததெல்லாம் நடிப்பு என்று நீதிமன்றத்தில் சொல்கிறாள். அவளிடம், "இப்போது மயங்கி விழு" என்கிறார்கள். அவளால் முடியவில்லை. முன்பு விசாரணையில் விழுந்தவள்தான். அப்போது மற்றப் பெண்கள் அலறினார்கள், நீதிபதிகள் நம்பினார்கள், ஆவிகளைப் பார்த்ததாக அவளுக்கே தோன்றியது. மாணவர்களை இதை நடிக்கச் சொல்லுங்கள். அவள் பொய் சொன்னாளா, நம்பினாளா என்று கேளுங்கள். நல்ல விவாதம் கிளம்பும்.

அப்புறம் நீதிபதி டான்ஃபோர்த். தண்டனையைத் தள்ளிவைத்தால், ஏற்கெனவே தூக்கில் போட்டவர்கள் குற்றவாளிகள்தானா என்ற சந்தேகம் வந்துவிடுமாம். எனக்கு நாடகத்திலேயே கொடூரமான இடம் அதுதான்.

1692இல் சேலத்தில் நிஜமாகவே 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். மில்லரின் நாடகம் மேடையேறியது 1953இல், அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலம். சேலத்தைப் போலவே அந்த வேட்டையிலும் விசாரணையில் கேட்டது, 'உன்னோடு வேறு யார்' என்று அடுத்தவர் பெயரைத்தான்.