நுகர்வோர் கேள்வி-பதில்: மீன் தொட்டியில் கிரேஃபிஷ்

சிவாஜி நகரில் 'நீல லாப்ஸ்டர்' என்று ஒன்றை 600 ரூபாய்க்கு வாங்கினேன். எந்த மீனோடும் விடலாம் என்றார் கடைக்காரர். ஒரே வாரத்தில் மூன்று கோல்ட்ஃபிஷ்களையும் குதறிவிட்டது. பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகி, அல்சூர்

கேளுங்கள் அம்மா, விடாதீர்கள். உங்களுக்கு விற்றது நன்னீர் கிரேஃபிஷ், அதாவது இறால், நண்டு இனத்தைச் சேர்ந்த கொடுக்குள்ள உயிர். பகலெல்லாம் கல்லடியில் பதுங்கியிருந்து, விளக்கை அணைத்ததும் கிளம்பும். அடியில் அசையாமல் கிடக்கும் மீனும், நீண்ட வாலோடு மெதுவாக நீந்தும் மீனும்தான் முதலில் அதன் கொடுக்கில் சிக்கும். அது அதன் சுபாவம். குற்றம் விற்றவருடையது.

எனக்கும் ஒரு கடையில் 'குள்ள வகை, இதற்கு மேல் வளராது' என்று சொல்லி ஒன்றை விற்றார்கள். அது உள்ளங்கை நீளத்துக்கு வளர்ந்தது. ஒருநாள் காலையில் பார்த்தால், அதன் இடது கொடுக்கில் கோரிடோரஸ் மீனின் துடுப்பு மட்டும் மிச்சமிருந்தது. கடைக்குப் போய்க் கேட்டபோது பில்லைக் காட்டச் சொன்னார்கள். அதில் 'மீன் – 1' என்றுதான் எழுதியிருந்தது. என்ன உயிரை விற்றோம் என்று எழுதித் தராத கடைக்குப் பொறுப்பிலிருந்து நழுவுவது எவ்வளவு எளிது! அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: வகையின் பெயரை எழுதி பில் வாங்குங்கள். பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம். பொருளின் தன்மையைப் பற்றிப் பொய் சொல்லி விற்பதும் அப்படியே. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பலகை மாட்டிவிட்டால் கடைக்காரரின் பொறுப்பு தீர்ந்துவிடாது.

பில் இல்லாவிட்டாலும், கைபேசியில் பணம் அனுப்பிய பதிவு இருக்கும். இறந்த மீன்களைப் படம் எடுத்திருந்தால் அதையும் சேர்த்துக் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை.

என் கிரேஃபிஷ் இறந்துவிட்டது என்று நினைத்துக் குப்பையில் போட்டேன். மறுநாள் கல்லுக்குப் பின்னால் உயிரோடு நிற்கிறது!
– வாசகர், லிங்கராஜபுரம்

நீங்கள் எறிந்தது அது கழற்றிய ஓடு. சுண்ணாம்புச் சத்துக்காக அதை அதுவே தின்னும். அடுத்த முறை தொட்டியிலேயே விட்டுவையுங்கள். புது ஓடு இறுகும்வரை உடம்பு மெத்தென்று இருப்பதால் மீன்கள் கொத்திக் கொன்றுவிடலாம். ஒளிந்துகொள்ள ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டைப் போடுங்கள்.

மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்ததால் மருந்து ஊற்றினேன். மீன் பிழைத்தது, கிரேஃபிஷ் செத்தது. இறால் வகைகளுக்கு ஆகாது என்று புட்டியில் இருந்ததைப் பிறகுதான் படித்தேன். நஷ்டஈடு கேட்கலாமா?
– வாசகர், காக்ஸ் டவுன்

கேட்க முடியாது. செம்பு கலந்த மருந்து கிரேஃபிஷுக்கு விஷம். அதை அச்சடித்தும் தந்திருக்கிறார்கள். படிக்காமல் ஊற்றிவிட்டு யாரிடம் கேட்பீர்கள்?

இரவில் தொட்டியிலிருந்து ஏறி வந்து சோபாவுக்கு அடியில் கிடந்தது.
– வாசகி, ஸ்ரீராம்புரம்

மூடி போடுங்கள். ஏர் பம்ப் குழாய் நுழையும் இடுக்கையும் அடையுங்கள்.

வாங்கியது ஒன்றே ஒன்று. துணையே இல்லாமல் முட்டையிட்டு இப்போது தொட்டி முழுக்கக் குஞ்சுகள். ஹெப்பால் ஏரியில் விட்டுவிடலாமா?
– வாசகர், ஹெப்பால்

வேண்டவே வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது பளிங்கு கிரேஃபிஷ். அத்தனையும் பெண், ஆணே தேவையில்லை. 1990களில் ஜெர்மனியின் மீன் வளர்ப்பு வணிகத்தில் முதலில் தென்பட்டது. மடகாஸ்கரில் பரவி வயல்களுக்குள் நுழைந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் தடை செய்தது. நம் நாட்டு ஏரிகளுக்குச் சொந்தமான கிரேஃபிஷ் எதுவும் கிடையாது. ஒன்றே ஒன்று போனாலும் ஓர் ஏரிக்குப் போதும். கடையில் திருப்பிக் கொடுத்தால் அவர்கள் இன்னொருவர் தலையில் கட்டுவார்கள். குஞ்சுகளை உங்கள் பெரிய மீன்களுக்கே இரையாக விடுங்கள். தாயைத் தனித் தொட்டியில் வையுங்கள்.

மீனோடு வளர்க்க ஏற்ற வகை உண்டா?
– வாசகர், மர்பி டவுன்

மெக்சிகோவின் ஆரஞ்சு நிறக் குள்ள வகை. நாலு சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடும். கப்பி போன்ற சிறு மீன்களோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். இந்தப் பெயரையே பில்லில் எழுதி வாங்குங்கள்.