900 மெகாவாட் சோலார், 900 மெகாவாட் நிலக்கரிக்குச் சமம் இல்லை

இலங்கையின் மின்சாரத் திட்டத்துக்கு நீங்கள் போட்ட ஸ்ப்ரெட்ஷீட் கணக்கு இடறுவது அங்கேதான். அதில் 2035-இல் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தை மூடி, அதே 900 மெகாவாட்டுக்குச் சோலார் போட்டதும் டீசல் செலவு எகிறுகிறது என்றீர்கள். எகிறத்தான் செய்யும், குறைகிற மின்சாரத்தையெல்லாம் ஷீட் டீசல் நிலையங்களிலிருந்து எடுக்கிறது.

ஷீட்டின் மெகாவாட் நெடுவரிசையை மட்டும் பார்த்துச் சமன் செய்திருக்கிறீர்கள் போல. ஒவ்வொரு நிலையத்துக்கும் மெகாவாட் × 8,760 (வருடத்தின் மொத்த மணி நேரம்) × பயன்பாட்டு விகிதம் (முழுத் திறனில் ஓடினால் கிடைப்பதில் நிஜமாகக் கிடைக்கும் பங்கு) போட்டுப் பாருங்கள். நிலக்கரிக்கு 70% வைத்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 5,500 கிகாவாட் மணி வரும், சோலாருக்கு 16% வைத்தால் 1,260 தான்.

சரி, சோலாரை நாலரை மடங்காக்கினால் தீருமா என்றால், அதுவும் இல்லை. அங்கே தேவை உச்சத்துக்குப் போவது இரவு ஏழு மணி வாக்கில். அதனால் ஷீட்டில் பேட்டரிக்குத் தனி வரிசை வேண்டும்.

அப்புறம், நீர்மின்சாரத்துக்குச் சராசரி மழையை மட்டும் வைத்து முடித்துவிடாதீர்கள், வறட்சி வருடத்தையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். அணை வற்றினால் கைகொடுப்பது இறக்குமதி எண்ணெய்தான். 2022-இல் அதை வாங்கவும் டாலர் இல்லாமல் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை கரண்ட் போனது.