ஆன்லைன் ரம்மியில் மொத்தத்தில் நஷ்டம்தான். அப்படியும் வருமான வரியில் காட்ட வேண்டுமா?

கேள்வி இதுதான்: ரம்மி ஆப் ஒன்று, ஃபேன்டசி கிரிக்கெட் (நிஜ ஆட்டக்காரர்களை வைத்து நாமே அணி கட்டி ஆடுவது) ஆப் ஒன்று, இரண்டிலும் விளையாடினேன். கூட்டிக் கழித்தால் நஷ்டம். ஆனால் ரம்மி ஆப்பில் டிடிஎஸ் (பணம் கைக்கு வருமுன்பே பிடிக்கும் வரி) பிடித்திருக்கிறார்கள். ரிட்டர்னில் காட்டணுமா, நஷ்டத்தைக் கழிக்கலாமா?

காட்ட வேண்டும். கழிக்கலாமா என்றால், எந்த நஷ்டத்தை என்று நான் திருப்பிக் கேட்பேன்.

நான் ஆடிட்டர் இல்லை. உச்சிப்புளிப் பக்கம் ஓர் உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர். மாட்டிக்கொண்டதால் இந்தக் கணக்கு தெரிய வந்தது.

2023 அக்டோபர், நவம்பரில் கிரிக்கெட் உலகக் கோப்பை நம் நாட்டில் நடந்ததே, அப்போது ஃபேன்டசி ஆப்பில் இறங்கினேன். ரம்மி அதற்கு முன்பிருந்தே இருந்தது. ரம்மியில் கை வந்தது, கிரிக்கெட்டில் போனது. வருஷம் முடிந்தபோது மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன்: ஏதோ எட்டு, ஒன்பதாயிரம் போயிருக்கும், போகட்டும்.

ஜூலையில் எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் படிவம் 16ஐ (சம்பளமும் அதில் பிடித்த வரியும் காட்டும் சான்று) எடுத்துக்கொண்டு ஒன்றாகப் போய் ஒரு நெட் சென்டரில் ரிட்டர்ன் போடுவோம். அங்கிருந்த தம்பி என் 26ஏஎஸ்ஸை (என் பேரில் பிடித்த வரியின் பட்டியல்) திறந்து பார்த்துவிட்டு, "சார், உங்களுக்கு எங்கயோ 7,500 ரூபா பிடிச்சிருக்கான். ரீஃபண்ட் போட்டுரவா?" என்றான். பக்கத்தில் எங்கள் அறிவியல் ஆசிரியர் நிற்கிறார். எதற்குப் பிடித்தார்கள் என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "போடுப்பா" என்றேன். சம்பளத்தை மட்டும் காட்டி, ஐடிஆர்-1 படிவத்தில், 7,500 திரும்பக் கேட்டு ரிட்டர்ன் போய்விட்டது.

செப்டம்பரில் மின்னஞ்சல் வந்தது. பிரிவு 139(9), குறைபாடுள்ள ரிட்டர்ன். டிடிஎஸ்ஸைத் திரும்பக் கேட்கிறாய், அது எந்த வருமானத்தில் பிடித்ததோ அந்த வருமானத்தைக் காணோமே, 15 நாளில் சரிசெய் என்பது சாரம். நியாயமான கேள்விதான்.

ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் இருக்கும் ஓர் ஆடிட்டரிடம் போனேன். இரண்டு ஆப்பின் ஸ்டேட்மென்ட்டும், ஒரு வருஷ பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கேட்டார். "கூட்டிக்கொண்டு வாங்க சார், நீங்களே கூட்டினாத்தான் உங்களுக்கு விளங்கும்" என்றார். ராத்திரி வீட்டில் எல்லாரும் தூங்கினபின் உட்கார்ந்தேன். ஆப்புக்குப் போனதைச் சிவப்பு மையில் குறித்தேன், வந்ததை நீல மையில். (பச்சை மை தலைமையாசிரியருடையது, வீட்டில்கூட அதைத் தொட மனசு வராது.) 11.47க்கு 500. 11.58க்கு 500. 12.20க்கு 1,000. விடைத்தாளில்கூட நான் இவ்வளவு சிவப்பு போட்டதில்லை. 2025 பிப்ரவரியில் தமிழக அரசு, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 மணிவரை தடை போட்டபோதும், அந்த ஜூனில் உயர் நீதிமன்றம் அது செல்லும் என்று சொன்னபோதும், எனக்கு அந்த 12.20தான் ஞாபகம் வந்தது.

சரி, கூட்டல் இப்படி வந்தது. ரம்மி ஆப்பில் நான் போட்டது 46,000, எடுத்தது 71,000. ஃபேன்டசி ஆப்பில் போட்டது 38,000, எடுத்தது 4,000. வருஷத் தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு கணக்கிலும் மிச்சம் ஏதும் இல்லை.

ஆன்லைன் விளையாட்டுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் தனி விதி. நிகர வெற்றிக்கு 30 சதவீத வரி என்பது பிரிவு 115பிபிஜே, ஆப் கம்பெனியே அதைப் பிடித்துக் கட்ட வேண்டும் என்பது பிரிவு 194பிஏ. நிகர வெற்றியைக் கணக்கிட விதி 133 இருக்கிறது: வருஷத்தில் எடுத்த பணத்தோடு கடைசியில் கணக்கில் கிடக்கும் மிச்சத்தைக் கூட்டு, அதிலிருந்து நீ கையிலிருந்து போட்டதையும் வருஷத் தொடக்கத்தில் இருந்த மிச்சத்தையும் கழி. எனக்கு ரம்மியில் 71,000 கழித்தல் 46,000, அதாவது 25,000. அதில் 30 சதவீதம் 7,500. நெட் சென்டர் தம்பி கண்டுபிடித்த புதையல் அதுதான்.

ஃபேன்டசி ஆப்பில் 34,000 நஷ்டம். "அதை இதில் கழிச்சிரலாமே சார், மொத்தத்துல எனக்கு ஒன்பதாயிரம் நட்டம்" என்றேன். ஆடிட்டர் மறுத்துவிட்டார். ரம்மி கம்பெனி டிடிஎஸ் பிடிக்கும்போது அதன் கணக்கை மட்டும்தான் பார்க்கும், ஒரே கம்பெனியில் இரண்டு மூன்று கணக்கு வைத்திருந்தால் அவற்றைச் சேர்த்துப் பார்க்கும், அடுத்த கம்பெனியில் நீ தோற்றது அதற்குத் தெரியாது. ரிட்டர்னிலும் அந்த 34,000ஐச் சம்பளத்தில் கழிக்க முடியாது, அடுத்த வருஷத்துக்குத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. 115பிபிஜே வரிசையில் 25,000 போட்டோம். 7,500க்கு மேல் 4 சதவீத செஸ் 300 சேர்ந்து வரி 7,800. 7,500 ரீஃபண்ட் கேட்டவன் 300 ரூபாயும் கொஞ்சம் வட்டியும் கட்டினேன். மொத்தத்தில் என் நஷ்டம் 9,000 இல்லை, 16,800.

ஒரே ஆப்புக்குள் மட்டும் நஷ்டம் கழியும். மே மாதம் ஜெயித்து எடுத்தீர்கள், டிடிஎஸ் போனது, பிறகு டிசம்பரில் அதே ஆப்பில் போட்டுத் தோற்றீர்கள் என்றால், அந்த டிசம்பர்ப் பணமும் 'நீ போட்டது' என்ற இடத்தில் சேர்ந்துவிடும். அதனால் வருஷ நிகரம் மே மாதக் கணக்கைவிடக் குறையலாம், பிடித்த டிடிஎஸ் கூடுதலாக இருக்கலாம். ஸ்டேட்மென்ட் இல்லாமல் இதை யாராலும் காட்ட முடியாது. இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியதுமே பெரிய ஆப்புகள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன. பழைய கணக்கு எத்தனை நாள் அங்கே கிடக்குமோ!

போனஸில் கவனம். ஆப் கொடுக்கும் போனஸ், ஆள் சேர்த்துவிட்டதற்கு வரும் பணம் எல்லாம் நீங்கள் போட்டதாகக் கணக்கில் வராது. அதை வைத்து ஆடி எடுத்தால் முழுவதும் வெற்றிதான். கடன் வாங்கிப் போட்ட பணம் நீங்கள் போட்டதாகவே சேரும், ஆனால் அந்தக் கடனுக்குக் கட்டிய வட்டி கழியாது. நகையை அடகு வைத்துப் போட்டிருந்தாலும் அப்படித்தான்.

இதை என் மச்சானுக்குப் புரியவைக்கத்தான் பாடுபட்டேன். அவன் பாம்பனில் விசைப்படகு டிரைவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகு கரையில் கிடக்கும், வலை பின்னுவதும் இன்ஜின் வேலையும் முடிந்துவிட்டால் கையில் போன்தான். அவனும் ஆடியிருக்கிறான். "என்ன மச்சான் இது, கடலுக்குப் போனா டீசல், ஐஸ், பேட்டா எல்லாம் கழிச்சுத்தான பங்கு போடுறோம்? ஒரு நாள் மீன்பாடு இல்லாட்டி அடுத்த நாள் பாட்டுல சரிக்கட்டுறோம்ல? இதுல மட்டும் ஏன் கழிக்கக் கூடாது?" என்றான். கேட்பது சரிதான். மீன்பிடி தொழில் வருமானம், செலவு போகத்தான் வரி. சூதாட்ட வகை வருமானத்தில் எந்தச் செலவையும் கழிக்கக் கூடாது என்று பிரிவு 58(4) சொல்கிறது. ஜெயித்த ஆட்டமும் தோற்ற ஆட்டமும் ஒரே வலையில் கிடந்தால்தான் உண்டு.

அவனுடைய அடுத்த கேள்வி இன்னும் வலுவானது: "எனக்குத்தான் வரி கட்டுற அளவுக்கு வருமானமே இல்லையே, என்கிட்ட ஏன் முப்பது பர்சென்ட் பிடிக்கிறான்?" அடிப்படை விலக்கு வரம்பு என்கிறோமே, அது இந்த வருமானத்துக்குப் பொருந்தாது. பத்தாயிரம் வரை விட்டுவிடுவார்கள் என்று பழைய லாட்டரிக் கணக்கைச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதுவும் இங்கே இல்லை. ஒரு மாதத்தில் நிகர வெற்றி 100 ரூபாய்க்குள் இருந்தால் அப்போதைக்கு டிடிஎஸ் பிடிக்கத் தேவையில்லை, அவ்வளவுதான் சலுகை. இன்னொன்று: மற்ற வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், வருஷத்தில் டிடிஎஸ், டிசிஎஸ் (விற்பவர் நம்மிடம் வசூலிக்கும் வரி) சேர்த்து 25,000 பிடித்திருந்தால் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும் (மூத்த குடிமக்களுக்கு அது 50,000).

படிவம் முக்கியம். இந்த வருமானம் இருந்தால் ஐடிஆர்-1 செல்லாது. சம்பளக்காரர் ஐடிஆர்-2 போட வேண்டும். கடை வைத்து ஐடிஆர்-4 போடுகிறவர் ஐடிஆர்-3க்கு மாற வேண்டும். 'பிற வருமானம்' அட்டவணையில் 115பிபிஜே என்று தனி வரிசை இருக்கிறது. அங்கே பேங்கில் வந்து விழுந்த தொகையைப் போடக் கூடாது, டிடிஎஸ் பிடிப்பதற்கு முந்திய தொகை போட வேண்டும். என் கணக்கில் 25,000, பிடித்தம் போக மிஞ்சிய 17,500 அல்ல. அதே அட்டவணையின் அடியில் எந்தக் காலாண்டில் எவ்வளவு வந்தது என்றும் கேட்பார்கள். போடும் முன் 26ஏஎஸ்ஸோடு ஏஐஎஸ்ஸையும் (துறையிடம் இருக்கும் உங்கள் வருஷ வரவு விவரம்) ஒத்துப் பாருங்கள். ஏஐஎஸ்ஸில் தொகை தவறு என்று தோன்றினால் அங்கேயே பதில் குறிப்பு கொடுக்க வழி இருக்கிறது. ரிட்டர்ன் போட்டபின் 30 நாளுக்குள் சரிபார்ப்பு முடிக்கவில்லை என்றால் போட்ட நாளே கணக்கில் வராது.

வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் லாகின் ஐடி வாங்கி ஆடும் வெளிநாட்டு ஆப் பற்றியும் கேட்பீர்கள், எங்கள் தெருப் பையன்கள் அதற்குத்தான் போய்விட்டார்கள். டிடிஎஸ் பிடிக்காததால் வரி இல்லை என்று அர்த்தமில்லை. வருமானம் சட்டவிரோதமாக வந்தாலும் வரி உண்டு, அதை நாமே கட்ட வேண்டும். அதைவிடப் பெரிய தலைவலி, பணம் யாரோ ஒருவருடைய கணக்கிலிருந்து வரும். அது மோசடிப் பணமாக இருந்துவிட்டால் சைபர் கிரைம் புகாரில் உங்கள் பேங்க் கணக்கு முடங்கும். எங்கிருந்து வந்தது என்று வருமான வரித் துறைக்கு விளக்க முடியாவிட்டால் அது கணக்கில் வராத பணம், 30 சதவீதம் போய், 2026 மார்ச் வரை வந்த பணத்துக்கு சர்சார்ஜ், செஸ் சேர்ந்து 78 சதவீதம்.

நான் சொன்ன பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தினுடையவை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால், அதற்குப் பிந்திய வருமானத்துக்கு எண்கள் வேறு.

எந்த வருஷத்துக் கணக்கு என்று நீங்கள் சொல்லவில்லை. திருத்திய ரிட்டர்னுக்கான கெடு முடியவில்லை என்றால் அதைப் போட்டு முடித்துவிடலாம். அது தாண்டிவிட்டால் ஐடிஆர்-யு (கெடு முடிந்தபின் திருத்திப் போடும் ரிட்டர்ன்) இருக்கிறது. மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து 12 மாதத்துக்குள் போட்டால் கட்ட வேண்டிய வரி, வட்டிக்கு மேல் 25 சதவீதம் கூடுதல், 24 மாதத்துக்குள் 50, 36க்குள் 60, 48க்குள் 70. அதில் ரீஃபண்ட் கேட்க முடியாது.